அட்டையைத் திருப்பிக் கொடுத்த பிறகு

சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தேக்கா உணவங்காடி நிலையத்தின் இரைச்சலுக்கு நடுவில், எங்கள் நிறுவனத்தில் முன்பு வேலை பார்த்த பொறியாளர் ஒருவர் நீல நிறக் கோப்பு ஒன்றைத் திறந்து என் முன் வைத்தார். அவர் 2012ஆம் ஆண்டில் எஸ் பாஸ் என்ற நடுத்தர நிலை வேலை அனுமதியில் சிங்கப்பூருக்கு வந்தவர். ஊர் புதுக்கோட்டைப் பக்கம். இப்போது அதற்கு மேல்நிலை அனுமதியான எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருக்கிறார், நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்க முடிவு செய்திருக்கிறார். இதுவரை பார்த்த வேலைகளை நிறுவனம், பதவி, காலம், சம்பளம் என்று ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டே போனவர், முதல் மூன்று ஆண்டுகளுக்கு வந்ததும் நின்றுவிட்டார். அந்த நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே மூடப்பட்டுவிட்டது. முதலாளி எங்கே இருக்கிறார் என்று தெரியாது. 2015இல் வேலை மாறியபோது பழைய வேலை அனுமதி அட்டையை நிறுவனத்தாரே வாங்கிக்கொண்டார்கள். கோப்பில் அந்தக் காலத்துக்கென்று ஒதுக்கியிருந்த பிளாஸ்டிக் உறை காலியாக இருந்தது.

"அக்கா, அந்த மூணு வருஷத்துக்கு எங்கிட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. என் பேர்ல மனிதவள அமைச்சுல என்ன எழுதி வச்சிருக்காங்கன்னு எப்படிப் பாக்குறது?" என்று கேட்டார்.

நான் ஜூரோங்கில் ஒரு பொறியியல் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் 17 ஆண்டுகளாக இருக்கிறேன். என் வேலை நேரத்தில் பெரும்பகுதி வேலை அனுமதி விண்ணப்பங்களோடுதான் கழிந்திருக்கிறது. அப்படியிருந்தும் அந்தக் கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அமைச்சுக்கு எழுதிக் கேளுங்கள், அதற்காகக் காத்திருக்காமல் வீட்டில் இருக்கும் பழைய தாள்களையும் தேடுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தக் காலி உறையே நினைவில் நின்றது. திறன்பெற்ற வெளிநாட்டு ஊழியரின் வேலை வாழ்க்கை இந்த நாட்டில் மிகக் கவனமாகப் பதிவு செய்யப்படுகிறது. ஆனால் அந்தப் பதிவு யாரைப் பற்றியதோ, அவர் கையில்தான் அதன் நகல் எல்லாரையும்விடக் குறைவாக இருக்கிறது. பல காலமாக மனத்தில் கிடந்த இந்த விஷயத்தை இப்போதாவது எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

பதிவு எப்படி உருவாகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். வெளிநாட்டு ஊழியர்களை வேலைக்கு அமர்த்துவதற்கான சட்டம் 1990இல் இயற்றப்பட்டது. 2007இல் அதன் பெயர் வெளிநாட்டு மனிதவள வேலை நியமனச் சட்டம் என்று மாறியது. இந்தச் சட்டத்தின்படி அனுமதிக்கு விண்ணப்பிப்பவர் முதலாளிதான், அல்லது முதலாளிக்காக ஒரு முகவர். எஸ் பாஸுக்கோ எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கோ ஊழியர் தமக்குத் தாமே விண்ணப்பித்துக்கொள்ள முடியாது. தாள் படிவம் புழக்கத்தில் இருந்த நாள்களில், படிவம் 8 என்ற அந்தப் படிவத்தில் வேலைக்கு வருபவரும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அதனால் தம்மைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதை ஒருமுறையாவது அவர் கண்ணால் பார்த்தார். இப்போது எல்லாம் இணையத்தில் நடக்கிறது. வேலைக்கு வருபவரிடம் எழுத்துவழிச் சம்மதம் வாங்கி நிறுவனம் வைத்துக்கொள்கிறது. மற்ற விவரங்களைத் திரையில் நிரப்புபவர் என்னைப் போன்ற ஒருவர். கடவுச்சீட்டில் உள்ள பெயர், படிப்பு, பதவி, வேலையின் தன்மை, நிலையான மாதச் சம்பளம் என்று ஒவ்வொரு கட்டத்தையும் நான் நிரப்புகிறேன். அந்தத் திரையை வேலைக்கு வருபவர் பார்ப்பதில்லை. அவர் அப்போது திருச்சியிலோ மதுரையிலோ தம் வீட்டில் இருப்பார்.

பதவி என்ற ஒரு கட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். சிங்கப்பூரின் தொழில் வகைப்பாட்டில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஐந்து இலக்கக் குறியீடு உண்டு. 2 என்று தொடங்கினால் நிபுணர். 3 என்று தொடங்கினால் துணை நிபுணர் அல்லது தொழில்நுட்பர். பணியிடத்தில் ஒரே மேசையில் ஒரே வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு வேலை செய்யும் இரண்டு பேரில் ஒருவர் 2ஆகவும் மற்றவர் 3ஆகவும் பதிவாகியிருக்கலாம். அந்த வித்தியாசம் அவர்கள் செய்யும் வேலையிலிருந்து வராமல், விண்ணப்பத்தை நிரப்பியவரின் அவசரத்திலிருந்து வந்திருக்கக்கூடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படி யோசிக்காமல் ஒரு குறியீட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். நான்கு ஆண்டுகள் கழித்து அந்த இளைஞர் வேறு நிறுவனத்தில் பொறியாளராகச் சேர முயன்றபோது, இதுவரை தொழில்நுட்பராகத்தானே இருந்திருக்கிறீர்கள் என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். அவர் என்னிடம் கோபப்படவில்லை. ஏன் அப்படி எழுதினீர்கள் என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து, அனுப்புவதற்கு முன் நிரப்பிய விண்ணப்பத்தின் நகலை அவரவருக்கு அனுப்பி, படித்துப் பார்த்துச் சரி என்று பதில் எழுதிய பிறகே சமர்ப்பிக்கிறேன். இதைச் சட்டம் என்னிடம் கேட்கவில்லை. ஆனாலும் இதைச் செய்யாமல் என்னால் இருக்க முடிவதில்லை.

நம் ஊர்க்காரர்களின் விண்ணப்பங்களில் முதலில் சிக்குவது பெயர்தான். பள்ளிச் சான்றிதழில் 'சரவணன் மு' என்று இருக்கும். பட்டத்தில் ஆங்கில எழுத்து முன்னால் வந்து 'எம். சரவணன்' ஆகியிருக்கும். கடவுச்சீட்டு எடுக்கும்போது குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட மனமில்லாமல் அப்பாவின் பெயரை முழுதாக எழுதியிருப்பார்கள். அதனால் இங்கே அட்டையில் அவர் 'முத்தையா சரவணன்' ஆவார், அலுவலகத்தில் எல்லாரும் அவரை 'மிஸ்டர் முத்தையா' என்று அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். நமக்கு இது பழகிப்போன விஷயம். பதிவுகளை ஒப்பிட்டுப் பார்க்கும் கணினிக்கு இவர்கள் மூன்று வெவ்வேறு மனிதர்கள். இவர்களை ஒரே ஆளாகக் கட்டிவைப்பது ஃபின் என்ற வெளிநாட்டவர் அடையாள எண் ஒன்றுதான். 1999 வரை வந்தவர்களுக்கு அது எஃப் என்ற எழுத்தில் தொடங்கும், 2000 முதல் வந்தவர்களுக்கு ஜி, 2022 ஜனவரி 1 முதல் எம். ஒருவருடைய எண்ணின் முதல் எழுத்தைப் பார்த்தே அவர் எந்தக் காலத்தில் இந்த நாட்டின் பதிவில் ஏறினார் என்று சொல்லிவிடலாம். வேலை மாறினாலும் அந்த எண் மாறுவதில்லை என்பது பெரிய நிம்மதி. வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள் என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்வேன்.

2023 செப்டம்பர் 1 முதல், படிப்பைத் தகுதியாகக் காட்டும் புதிய எம்ப்ளாய்மென்ட் பாஸ் விண்ணப்பங்களுக்கு, பட்டம் உண்மையானதுதான் என்ற சரிபார்ப்புச் சான்றையும் சேர்க்க வேண்டும். போலிச் சான்றிதழ்கள் எத்தனை பேரின் நியாயமான வாய்ப்பைப் பறித்திருக்கின்றன என்பதை நேரில் பார்த்தவள் என்பதால் இந்த விதியை முழு மனத்தோடு வரவேற்கிறேன். இதில் நம்மவர்கள் படும் பாட்டையும் சொல்லியாக வேண்டும். விண்ணப்பத்தில் படித்த கல்லூரியின் பெயரை எழுதினால் போதாது, பட்டம் வழங்கிய பல்கலைக்கழகத்தின் பெயரை எழுத வேண்டும். தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரிகளில் பெரும்பாலானவை அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. அந்தப் பல்கலைக்கழகமோ 2007க்குப் பிறகு சில ஆண்டுகள் கோவை, திருச்சி, திருநெல்வேலி என்று தனித்தனியாகப் பிரிந்திருந்து, 2012இல் மீண்டும் ஒன்றானது. இடைப்பட்ட ஆண்டுகளில் பட்டம் வாங்கியவரின் சான்றிதழில் இன்று தனியாக இயங்காத ஒரு பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும். பட்டம் உண்மையானது, மதிப்பெண் பட்டியல் உண்மையானது, ஆனால் விண்ணப்பத்தில் வரும் பல்கலைக்கழகப் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடினால் குழப்பம் வரும். இனிஷியல் என்பது அப்பாவின் பெயருடைய முதல் எழுத்து என்றும், இந்தப் பல்கலைக்கழகம் இப்போது அந்தப் பல்கலைக்கழகம் என்றும் விளக்கி நான் எழுதிய கடிதங்களைச் சேர்த்துவைத்தால் ஒரு கோப்பு நிறையும்.

சம்பளம்தான் எல்லாவற்றிலும் முக்கியம் என்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். உள்ளூர் ஊழியருக்கு நிறுவனம் மாதந்தோறும் மத்திய சேம நிதி என்ற கட்டாயச் சேமிப்புக்குச் சந்தா கட்டுகிறது. அந்தச் சந்தாவே அவர் சம்பளத்துக்கு மாதாமாதம் பதிவாகும் சாட்சி. அவர் சிங்பாஸ் என்ற அரசாங்க இணைய அடையாளத்தின் வழியாகத் தம் கணக்கைத் திறந்து பார்க்கலாம். ஒரு மாதம் விடுபட்டாலும், தொகை குறைந்தாலும் உடனே தெரிந்துவிடும். வெளிநாட்டு ஊழியருக்கு அந்த நிதி கிடையாது. அதனால் மாதந்தோறும் அரசாங்கத்தை எட்டும் அந்தச் சாட்சியும் கிடையாது. அவர் சம்பளத்தைப் பற்றி அரசாங்கத்துக்குத் தெரிவதெல்லாம் விண்ணப்பத்தில் நிறுவனம் அறிவித்த தொகையும், ஆண்டுக்கு ஒருமுறை வருமான வரிக்காக நிறுவனம் தெரிவிக்கும் தொகையும்தான். இரண்டையும் தெரிவிப்பவர் ஒரே ஆள், முதலாளி.

பெரும்பாலான முதலாளிகள் உண்மையைத்தான் எழுதுகிறார்கள். ஆனால் எழுதுவதற்கும் கொடுப்பதற்கும் இடையில் ஆசை புகும் இடமும் இதுதான். எஸ் பாஸ் 2004இல் அறிமுகமானபோது குறைந்தபட்சச் சம்பளம் 1,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). 2011இல் 2,000 ஆனது, 2013இல் 2,200 ஆனது, 2025 செப்டம்பரில் 3,300 வெள்ளிக்கு வந்து நின்றது. எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு 2025 ஜனவரி முதல் 5,600 வெள்ளி, நிதித்துறையில் 6,200. இந்த வரம்பு உயர உயர, தாளில் ஒரு தொகை, கையில் ஒரு தொகை என்ற ஏமாற்று வேலைக்கும் தூண்டுதல் கூடுகிறது. சட்டம் இதைச் சும்மா விடவில்லை. விண்ணப்பத்தில் பொய்யான தகவல் கொடுத்தால் 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். வேலை கொடுப்பதற்காக ஊழியரிடமே பணம் வாங்கினால் அபராதம் 30,000 வெள்ளி வரை போகும். ஆனால் குற்றத்தை மெய்ப்பிக்கப் பதிவு வேண்டும், அந்தப் பதிவு முழுவதும் சுத்தமாகவே இருக்கும்படி பார்த்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள்.

ஒருமுறை வேறு நிறுவனத்திலிருந்து எங்களிடம் வேலைக்கு வந்த ஒருவர், சம்பளச் சான்றுக்காகத் தம் வங்கி அறிக்கையைக் கொடுத்தார். ஒவ்வொரு மாதமும் 7ஆம் தேதி சம்பளம் முழுதாக விழுந்திருந்தது. ஒவ்வொரு மாதமும் 8ஆம் தேதி 600 வெள்ளி ரொக்கமாக எடுக்கப்பட்டிருந்தது. பதினான்கு மாதங்கள், ஒரு மாதம்கூடத் தவறவில்லை. ஊருக்குப் பணம் அனுப்புவது வேறு தேதியில், வேறு தொகையில் தனியாக இருந்தது. நான் அந்த வரிகளை விரலால் காட்டியபோது அவர் தலையைக் குனிந்துகொண்டார். அமைச்சின் பதிவில் அவர் முழுச் சம்பளம் வாங்கிய மனிதர். வங்கியின் பதிவிலும் அப்படித்தான். எட்டாம் தேதி அந்தப் பணம் யார் கைக்குப் போனது என்பதைச் சொல்ல அவர் வாயைத் தவிர வேறு சாட்சி இல்லை.

சம்பளச் சீட்டு கட்டாயமானது 2016 ஏப்ரல் 1 முதல்தான். வேலையின் முக்கிய நிபந்தனைகளை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்ற விதியும் அன்றிலிருந்துதான் வந்தது. அதற்கு முன் வந்தவர்கள் பலருக்கு மாதக் கடைசியில் ஒரு வவுச்சரில் கையெழுத்துப் போட்டதுதான் நினைவிருக்கும், அந்த வவுச்சர் அவர்களிடம் இருக்காது. இப்போதும் நிறுவனம் சம்பளப் பதிவுகளை வைத்திருக்க வேண்டிய காலம் குறுகியதுதான். வேலையில் இருப்பவருக்குக் கடைசி இரண்டு ஆண்டுப் பதிவுகள் போதும். வேலையை விட்டவருக்கு அவருடைய கடைசி இரண்டு ஆண்டுப் பதிவுகளை அவர் போன பிறகு ஓராண்டு வைத்திருந்தால் போதும். சம்பளப் பாக்கியைக் கேட்டு முறையிடுவதற்கும் கெடு உண்டு. வேலையில் இருந்துகொண்டே கேட்பதானால் ஓராண்டுக்குள்ளும், வேலையை விட்டிருந்தால் கடைசி நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள்ளும் சமரசத்துக்குப் பதிவு செய்ய வேண்டும். அங்கே தீராவிட்டால் 2017இல் தொடங்கிய வேலை நியமன உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். வழக்குக்கு இந்தக் காலம் பொருத்தமாக இருக்கலாம், ஆனால் ஒரு மனிதரின் வேலை வரலாறு என்று பார்த்தால் மூன்று ஆண்டு என்பது எந்த மூலைக்கு? ஒருவர் இங்கே 13, 15 ஆண்டுகள் உழைத்த பிறகுதான் நிரந்தரவாசத்துக்கோ, வேறு நாட்டு வேலைக்கோ தம் முதல் ஆண்டுகளைக் காட்ட வேண்டிய நிலை வருகிறது.

என் சித்தப்பா மகன் அமெரிக்காவில் எச்1பி விசாவில் இருக்கிறான். அங்கே நடைமுறை வேறு. எச்1பி ஊழியரை எடுக்கும் நிறுவனம் முதலில் தொழிலாளர் துறையிடம் ஒரு விண்ணப்பம் போட்டு, இந்த வேலைக்கு இந்த ஊரில் இவ்வளவு சம்பளம் தருவேன் என்று உறுதி கொடுக்க வேண்டும். அந்த ஆவணத்தைப் பொதுமக்கள் யார் கேட்டாலும் காட்டும்படி ஒரு கோப்பில் வைத்திருக்க வேண்டும். நிறுவனத்தின் பெயர், பதவி, சம்பளம் ஆகியவற்றைக் கொண்ட தரவுகளைத் தொழிலாளர் துறையே இணையத்தில் வெளியிடுகிறது. தன் பதவிக்கு நிறுவனம் எவ்வளவு அறிவித்திருக்கிறது என்று அவன் வீட்டில் உட்கார்ந்தபடியே பார்த்துச் சொன்னபோது எனக்கு வியப்பாக இருந்தது. ஆனால் அங்கும் பதிவு நிலைத்து நிற்பதில்லை. அந்த விண்ணப்பப் பதிவுகளை ஐந்தாண்டுகளுக்கு மேல் வைத்திருக்கப்போவதில்லை என்று அந்தத் துறை 2014இல் முடிவெடுத்தது. ஊழியர்களின் சம்பளப் போக்கை நீண்ட காலமாக ஆராய்ந்து வந்தவர்கள் அதை எதிர்த்தார்கள். அவர்கள் எதிர்த்ததில் நியாயம் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். கணினியில் இருக்கும் ஒரு பதிவு பிடித்துக்கொள்ளும் இடம் அற்பம். அது அழிந்த பிறகு அதைத் திரும்ப உருவாக்க எவராலும் முடியாது.

இங்கே பொதுமக்கள் பார்க்கக் கிடைப்பது மொத்தக் கணக்கு. ஆறு மாதங்களுக்கு ஒருமுறை மனிதவள அமைச்சு அதை வெளியிடுகிறது. 2019 டிசம்பரில் எம்ப்ளாய்மென்ட் பாஸில் 193,700 பேரும் எஸ் பாஸில் 200,000 பேரும் இருந்தார்கள். 2023 டிசம்பரில் அவை 205,400, 178,500 ஆகின. எந்த நாட்டவர் எத்தனை பேர் என்ற கணக்கு அந்த அட்டவணையில் இருப்பதில்லை. அந்தக் கணக்கு வெளியே வராத ஆண்டுகளில் ஊகமும் வதந்தியும் அந்த இடத்தை நிரப்பின. 2005இல் கையெழுத்தான சிங்கப்பூர், இந்தியா பொருளியல் ஒப்பந்தத்தைக் காட்டி, அதன் வழியாக வரைமுறை இல்லாமல் ஆள் வருகிறது என்று பேசினார்கள். அதன் சூட்டை இங்கே பிறந்து வளர்ந்த தமிழர்களும் சேர்த்தே உணர்ந்தோம். 2021 ஜூலையில் அமைச்சர் டான் சீ லெங் நாடாளுமன்றத்தில் பதில் சொன்னபோது, எம்ப்ளாய்மென்ட் பாஸில் இந்திய நாட்டவரின் பங்கு 2005இல் ஏறத்தாழ 14 விழுக்காடாக இருந்து 2020இல் 26 விழுக்காடு ஆனது என்றும், அதே காலத்தில் மொத்த எண்ணிக்கை 65,000இலிருந்து 177,000 ஆனது என்றும் விவரம் தந்தார். நிறுவனத்துக்குள் இடம் மாற்றப்பட்டு இந்தியாவிலிருந்து வந்தவர்கள் 2020இல் ஏறத்தாழ 500 பேர்தான் என்பதும் அப்போது தெரிந்தது. பங்கு கூடியது உண்மை. ஒப்பந்தம் கதவைத் திறந்துவிட்டது என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை. இரண்டையும் ஒரே அவையில், எண்ணோடு சொன்ன பிறகுதான் நிதானமாகப் பேச முடிந்தது. அந்த எண்கள் சில ஆண்டுகள் முன்னதாகவே வெளிவந்திருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் உண்டு.

நாட்டு வாரியான கணக்கு அமைச்சிடம் நுணுக்கமாக இருக்கிறது என்பதற்குக் காம்பஸ் என்ற மதிப்பெண் முறையே சான்று. 2023 செப்டம்பரில் புதிய விண்ணப்பங்களுக்கும், ஓராண்டு கழித்துப் புதுப்பிப்புகளுக்கும் அது நடைமுறைக்கு வந்தது. எம்ப்ளாய்மென்ட் பாஸ் கிடைக்க 40 புள்ளிகள் வேண்டும். நிறுவனத்தின் நிபுணர், நிர்வாகி நிலை ஊழியர்களில் விண்ணப்பதாரரின் நாட்டவர் 5 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தால் 20 புள்ளிகள், 25 விழுக்காட்டை எட்டிவிட்டால் ஒரு புள்ளியும் இல்லை. எங்கள் நிறுவனம் இந்த அளவுகோலில் எங்கே நிற்கிறது என்பதை நான் அமைச்சின் இணையத்தளத்தில் நுழைந்து பார்த்துக்கொள்ள முடிகிறது. வீட்டுப் பணிப்பெண்ணை எடுக்க நினைக்கும் குடும்பமும் அவர் இதற்கு முன் எத்தனை வீடுகளில் வேலை பார்த்தார் என்ற விவரத்தை அமைச்சிடமிருந்து பெறலாம். பதிவைத் திறந்து காட்டும் வழி இருக்கத்தான் செய்கிறது. அது முதலாளி நிற்கும் பக்கமாகத் திறக்கிறது.

ஊழியரின் கையில் இருந்த கொஞ்சமும் காலப்போக்கில் சுருங்கிவிட்டது. 2017 செப்டம்பருக்கு முன் வந்த அட்டைகளில் அனுமதி எந்தத் தேதி வரை செல்லும் என்று அச்சிட்டிருந்தது. அதன் பிறகு வந்த அட்டைகளில் கியூஆர் குறியீடு வந்தது, தேதி போய்விட்டது. எஸ்ஜிவொர்க்பாஸ் செயலியால் அதை ஸ்கேன் செய்தால் இன்றைய நிலை தெரியும். புதுப்பிக்கும்போதெல்லாம் புது அட்டை அடிக்க வேண்டியதில்லை என்பதால் இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் செயலி காட்டுவது இன்றைய நிலையை. சிங்பாஸில் சொந்த விவரங்களைக் காட்டும் மைஇன்ஃபோவைத் திறந்தாலும் தெரிவது இப்போதைய அனுமதியின் வகையும் அது முடியும் தேதியும். 2012இல் நான் யாரிடம், என்ன பதவியில், எவ்வளவு சம்பளத்துக்குப் பதிவாகியிருந்தேன் என்று கேட்கும் மனிதருக்கு அந்தத் திரை பதில் சொல்லாது.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஃபின் எண் ஒன்று இருக்கிறது, சிங்பாஸ் இருக்கிறது. அந்த எண்ணின் கீழ் இதுவரை வழங்கிய ஒவ்வோர் அனுமதியும், நிறுவனத்தின் பெயர், பதவி, அறிவித்த சம்பளம், தொடங்கிய தேதி, ரத்தான தேதி ஆகியவற்றோடு அந்த ஊழியர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். விண்ணப்பம் சமர்ப்பிக்கப்பட்ட அன்றே அறிவித்த சம்பளம் அவர் கைப்பேசிக்கு வந்துவிட்டால், கையில் குறைவாக வாங்கும்போது அவருக்கே விஷயம் புரியும், ஆறு மாதக் கெடு முடிவதற்குள் முறையிட வழி இருக்கும். அதிகாரிகள் ஒவ்வொரு நிறுவனமாகப் போய்த் தேடுவதைவிட, பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே அதைச் சரிபார்ப்பது எத்தனையோ மடங்கு எளிது. மத்திய சேம நிதியில் உள்ளூர் ஊழியருக்கு அந்த வசதி ஏற்கெனவே இருக்கிறது. வெளிநாட்டு ஊழியருக்கும் அது வர வேண்டும் என்று நான் மனப்பூர்வமாக நம்புகிறேன்.

அது வரும்வரை, என்னிடம் வருகிறவர்களிடம் ஐபிஏ கடிதத்தைப் பத்திரப்படுத்தச் சொல்கிறேன். கொள்கையளவில் ஒப்புதல் தரும் அந்தக் கடிதம்தான் ஊழியர் கையில் கிடைக்கும் முதல் அரசாங்கத் தாள். அதையும், வேலை நிபந்தனைத் தாளையும், ஒவ்வொரு மாதச் சம்பளச் சீட்டையும், ஆண்டுதோறும் வரும் வருமான வரி மதிப்பீட்டு அறிவிப்பையும் படமெடுத்துத் தமக்குத் தாமே மின்னஞ்சல் அனுப்பிவைக்கச் சொல்கிறேன். அலுவலக மின்னஞ்சலில் வைக்காதீர்கள், வேலை போகிற அன்று அதுவும் போய்விடும் என்பதையும் மறக்காமல் சொல்கிறேன்.

புதுக்கோட்டைக்காரருக்கு அமைச்சிடமிருந்து பதில் வருவதற்கு முன் அவர் மனைவியிடமிருந்து வந்தது. முதல் சில ஆண்டுகளில், வாடகை அறையில் எட்டுப் பேரோடு இருந்ததால், ஆங்கிலத்தில் எந்தத் தாள் வந்தாலும் ஊருக்குப் போகிறவர்களிடம் கொடுத்துவிட்டிருக்கிறார். அதை அவரே மறந்துவிட்டார். அவர் மனைவி மறக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுப் பீரோவின் மேல் வைத்திருந்தவர், கூடத்துத் தரையில் ஒவ்வொன்றாக விரித்துப் படமெடுத்து அனுப்பியிருந்தார். மடித்த இடத்தில் கிழியத் தொடங்கியிருந்த ஐபிஏ கடிதம், முதல் வங்கிக் கணக்குப் புத்தகம், மூன்று ஆண்டுகளுக்கான வரி மதிப்பீட்டு அறிவிப்புகள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே மேசையில் உட்கார்ந்து அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தோம். 2013இல் அவர் ஈட்டிய வருமானம் என்று வரி அறிவிப்பில் இருந்தது 26,400 வெள்ளி, அதாவது மாதம் 2,200. வங்கிப் புத்தகத்தில் ஒவ்வொரு மாதமும் விழுந்திருந்தது 1,800. அவர் அந்த அறிவிப்பை அதுவரை படித்ததே இல்லை. வரி எல்லாம் ஆபீஸே பார்த்துக்கொள்ளும் என்று சொல்லியிருந்தார்கள், 108 வெள்ளி கட்டச் சொன்னபோது கட்டியிருக்கிறார். கைக்கு வராத 4,800 வெள்ளிக்கும் சேர்த்து வரி கட்டியிருக்கிறார் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. கெடு முடிந்து பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது, நிறுவனமும் இல்லை. அவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "படிவத்துல எந்தச் சம்பளத்தைப் போடுறது அக்கா?" என்று கேட்டார்.

வாங்கியதைப் போடுங்கள் என்றேன். வரிப் பதிவில் வேறு தொகை இருப்பதால், ஏன் இரண்டும் பொருந்தவில்லை என்று ஒரு பக்கத்தில் கடிதம் எழுதி, வங்கிப் புத்தகத்தின் நகலோடு சேர்த்து வைக்கச் சொன்னேன். கடிதத்தை அவரே அங்கேயே உட்கார்ந்து எழுதினார். தேதிகளை மட்டும் நான் படத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அசல் தாள்களை அவருடைய மைத்துனர் அடுத்த மாதம் திருச்சியிலிருந்து வரும்போது கொண்டுவருகிறார். பெட்டியில் போட வேண்டாம், கைப்பையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.